துரைசானியின் பத்தியம்

தேயிலை எஸ்டேட்டின் மேல் டிவிசனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், துரைசானியைப் போல ஒரு குதிரை இந்த மலையிலேயே கிடையாது என்று. அவர்கள் சொன்னது அழகை அல்ல, பருமனை. முதுகின் நடுவே மழைத்தண்ணீர் தேங்கும் அளவுக்கு இரண்டு பக்கமும் சதை மேடு தட்டியிருந்தது. விலா எலும்பு எங்கே இருக்கிறது என்று தடவித் தேடவேண்டும். பிடரி மயிருக்கு அடியில் கழுத்து தடித்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, காளையின் திமில் போல நின்றது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் அதைத் தட்டிப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். மனிதருக்கே மூன்று வேளை சோறு ஒழுங்காக வாய்க்காத, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், ஒரு பிராணியாவது வயிறு நிறையத் தின்று மினுமினுவென்று நிற்பது சனங்களுக்குக் கண்குளிர்ச்சியாக இருந்தது. இதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தப்பு இருந்தது. அது குளம்புக்குள் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

கடைசி வெள்ளைக்கார மானேஜர் சீமைக்குத் திரும்பியபோது நாய்களைக் கூட்டிக்கொண்டு போனார், குதிரையை விட்டுவிட்டுப் போனார். அவருடைய மனைவி ஏறிய குதிரை என்பதால் அதற்குத் துரைசானி என்ற பெயர் நிலைத்துவிட்டது. எஸ்டேட்டும் அதை வைத்துக்கொண்டது, காரணம் பாசம் அல்ல, பாதை. சூரியநெல்லியிலிருந்து மேலே வரும் ஜீப் ரோடு ஓடைக்கரையோடு நின்றுவிடும். அதற்கப்புறம் மேல் டிவிசனுக்கு ஒற்றையடிப் பாதைதான். காய்ச்சல்காரரானாலும் பிள்ளைத்தாய்ச்சியானாலும் கீழே உள்ள எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குத் துரைசானியின் முதுகில்தான் இறங்கவேண்டும்.

குதிரைக்காரர் சங்கையா இருந்தவரைக்கும் அவர் பார்த்துக்கொண்டார். அவர் மாரடைப்பில் போனபின் இரண்டு பேரை வேலைக்கு வைத்துப் பார்த்தார்கள். ஒருவனுக்குத் தொடையில் உதை, இன்னொருவனுக்குத் தோளில் கடி. சங்கையாவின் மனைவி முத்துப்பேச்சி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு லாயத்துக்குள் போனாள். துரைசானி அவள் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டது. அன்றிலிருந்து அவள்தான் குதிரைக்காரி.

இனி அந்த வெல்லச்சோற்றுக் கதையைச் சொல்லவேண்டும். ஒரு வருஷம் அடைமழையில் பாதை சரிந்து கிடந்தபோது, வலி கண்ட ஒருத்தியைத் துரைசானி வழுக்காமல் சறுக்காமல் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அவள் ஊர் திரும்பியதும் நன்றிக்கு ஒரு தட்டு வெல்லச்சோறு ஆக்கி ஊட்டினாள். அடுத்த பிள்ளைத்தாய்ச்சி, பிரசவத்துக்குப் பின்னால் ஊட்டுவதை முன்னாலேயே ஊட்டிவிட்டால் என்ன என்று யோசித்தாள். அப்படியே அது முறையாகிவிட்டது. ஏழாம் மாதம் வளையல் போடும் நாளில், பிள்ளைத்தாய்ச்சி தன் கையால் தட்டு நிறைய வெல்லச்சோறு ஊட்டவேண்டும். குதிரை மிச்சம் வைக்காமல் தின்றால் பிரசவம் சுகம். துரைசானி எந்தக் காலத்தில் மிச்சம் வைத்தது? பிறகு பெண் சமைந்தால் ஒரு தட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டால் ஒரு தட்டு, வேலை நிரந்தரமானால் ஒரு தட்டு என்று கிளை விட்டுக்கொண்டே போனது. அதுபோக ஓடைக்கரைப் பச்சைப்புல் எந்நேரமும் வாய்க்கு நேராக வளர்ந்து நின்றது.

எமர்ஜென்சி முடிந்த வருஷம், ஐப்பசி மழை விட்டு மலை முழுக்கப் பச்சை கட்டியிருந்தது. ஒரு காலையில் முத்துப்பேச்சி லாயக் கதவைத் திறந்தபோது துரைசானி திரும்பிப் பார்க்கவில்லை. முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி ஊன்றி, பாரத்தை எல்லாம் பின்பக்கம் சாய்த்துக்கொண்டு, கொதிக்கும் தரையில் நிற்பதுபோல நின்றது. கயிற்றை இழுத்தாள். ஓரடி வைத்தது, வைத்த காலை உடனே தூக்கிக்கொண்டது. குனிந்து குளம்பைத் தொட்டாள். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி சுட்டது.

மானேஜர் துரை வந்து பார்த்தார். நம்மூர் துரைதான், ஆனாலும் துரை துரைதான். குதிரை நின்ற நிலையைப் பார்த்ததுமே அவர் முகம் விழுந்துவிட்டது. முன்பு அவர் வேலை பார்த்த எஸ்டேட்டில் ஒரு சிவப்புக் குதிரை இப்படித்தான் நின்றதாம். இன்றைக்குச் சரியாகும், நாளைக்குச் சரியாகும் என்று அவர் காத்திருந்ததில், குளம்புக்குள் எலும்பு இறங்கி அடியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அது படுத்துக் கிடந்து முனகியதை அவர் இன்னும் மறக்கவில்லை. கடைசியில் துப்பாக்கியை எடுத்தவரும் அவரே. இந்தத் தடவை அவ்வளவு தூரம் போகவிட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மாட்டு டாக்டருக்கு ஆள் அனுப்பினார்.

டாக்டர் பெயர் யக்ஞநாராயணன். பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். அந்தப் பெயர் லயத்தில் யார் வாயிலும் நுழையாததால் மாட்டு டாக்டர் என்றே கூப்பிட்டார்கள், அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஓடையிலிருந்து நடந்து ஏறியதில் மூச்சு வாங்க உட்கார்ந்தவருக்கு முத்துப்பேச்சி டீ கொண்டு வந்தாள். சர்க்கரை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார். சர்க்கரை வியாதியாம். பிறகு எழுந்து துரைசானியின் கழுத்துத் திமிலைப் பிடித்துப் பார்த்தார், விலாவைத் தடவினார், கணுவுக்குப் பின்னால் விரலை வைத்து நாடி பார்த்தார். முத்துப்பேச்சியின் விரலையும் அதே இடத்தில் வைக்கச் சொன்னார். தோலுக்கு அடியில் திம் திம் என்று அடித்தது.

"நன்னா இருக்கற குதிரைக்கு இந்த நாடி தேடினாத்தான் கிடைக்கும். இங்கே தேடவே வேண்டாம், பாத்தேளா?" என்றார். தன் கட்டைவிரல் நகத்தை அழுத்திக் காட்டினார். நகத்தைச் சதை பிடித்துக்கொண்டிருப்பது போல, குளம்பின் ஓட்டுக்குள் எலும்பைச் சதை பிடித்துக்கொண்டு நிற்கிறது. தித்திப்பும் கொழுப்பும் அளவு மீறினால் அந்தப் பிடி வேக்காடு கண்டு நழுவும். நழுவிவிட்டால் எந்த டாக்டராலும் திரும்ப ஒட்ட முடியாது. இன்னும் நழுவவில்லை, விளிம்பில் நிற்கிறது, அவ்வளவுதான் என்றார்.

துரை, ஒரு மாதம் பார்ப்போம் என்றார். அதற்குள் தேறினால் சரி. தேறாவிட்டால் முனகவிடமாட்டேன். துப்பாக்கியைத்தான் சொல்கிறார் என்று முத்துப்பேச்சிக்குப் புரிந்தது. அவர் பேச்சில் கோபம் இருந்திருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள். அதில் இருந்தது இரக்கம். இரக்கத்தோடு எப்படி மல்லுக்கட்டுவது?

டாக்டரிடம் என்ன செய்யவேண்டும் என்று கேட்டாள். அவர் வலிக்கு மருந்து கொடுத்துவிட்டு மற்றதைச் சொன்னார். பச்சைப்புல் கண்ணிலும் படக்கூடாது. வெல்லம், சோறு, கொள்ளு, தவிடு எதுவும் கிடையாது. வைக்கோலை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிழிந்து போடவேண்டும். இருக்கிற கொஞ்ச நஞ்சத் தித்திப்பும் போய்விடும். குளம்பில் சூடு இருக்கும்வரை நடக்கவிடாமல் மெத்தென்று படுக்கை போட்டு நிறுத்தவேண்டும், குளம்புக்குக் குளிர்ந்த தண்ணீர் காட்டவேண்டும். சூடு ஆறியபிறகு தினமும் நடத்தவேண்டும்.

"கொறைக்கணும், ஆனா பட்டினி போடப்படாது. பட்டினி போட்டா ஒடம்புக் கொழுப்பெல்லாம் ரத்தத்தில எறங்கி வேற வினையாயிடும். தராசில நிறுத்துப் போடுங்கோ. கைக்கணக்கு வேண்டாம், கைக்கு இரக்கம் உண்டு" என்றார்.

"பேறுகாலப் பத்தியம் மாதிரிங்களா?" என்று முத்துப்பேச்சி கேட்டாள்.

"அதே பத்தியம்தான். எனக்கும் அதேதான்" என்று சொல்லி, ஆறிப்போன சர்க்கரையில்லா டீயைக் குடித்தார்.

அன்று மாலையே முத்துப்பேச்சி வேலையைத் தொடங்கினாள். கவாத்து வெட்டிப் போட்டிருந்த தேயிலைக் குச்சிகளைச் சுமந்து வந்து, லாயத்தைச் சுற்றி வேலி அடைத்தாள். அதற்குள் இருந்த புல்லை எல்லாம் வேரோடு செதுக்கி எறிந்தாள். தரையில் சருகு பரப்பிப் படுக்கை போட்டாள். போடியிலிருந்து வந்த பழைய வைக்கோலை வாங்கி அடுக்கினாள். கொழுந்து நிறுக்கிற தராசு ஒன்று உடைந்த பிடியோடு ஸ்டோரில் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கி லாயத்து உத்தரத்தில் தொங்கவிட்டாள். கதிரடிக்கும்போது மாட்டுக்கு மாட்டுகிற வாய்க்கூடை ஒன்றையும் குதிரை மூஞ்சிக்குத் தக்கபடி பெரிதாகப் பின்னி மாட்டினாள். தண்ணீர் குடிக்கலாம், யாராவது நீட்டுகிற தின்பண்டத்தைத் தின்ன முடியாது.

துரைசானிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கூடையைச் சுவரில் தேய்த்தது, வாளியை உதைத்தது, பிழிந்த வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டு முத்துப்பேச்சியை ஏற இறங்கப் பார்த்தது. இதையா என் முன்னால் வைக்கிறாய் என்று கேட்கிற பார்வை. ஓரடி எடுத்து வைக்கிற அளவுக்கு வலி குறைந்ததும், லாயத்தை ஒட்டி ஓடுகிற வாய்க்காலில் அதை இறக்கி நிறுத்தினாள். மலைத்தண்ணீர் எலும்பைக் கடிக்கும். அது தனியாக நிற்காது என்பதால் அவளும் முழங்காலளவு தண்ணீரில் கூடவே நின்றாள். கால் மரத்துப் போய்க் கரையேறும்போது தன் கால் எது, கல் எது என்று தெரியாது.

லயத்துச் சனம் மூக்கில் விரலை வைத்தது. முதலில் பரிதாபப்பட்டார்கள், பிறகு புத்தி சொன்னார்கள், பிறகு ஏசினார்கள். புருஷன் வளர்த்த சீவனை வாயைக் கட்டிப்போட்டு வதைக்கிறாள் என்றார்கள். சங்கையாவின் தம்பி கருத்தப்பாண்டி அந்த டிவிசன் கங்காணி. நாலு பேருக்கு முன்னால் பேசிப் பழகிய வாய் அவனுக்கு. நோய்க்காரப் பிராணிக்குத் தெம்பு கொடுக்காமல் தெம்பைப் பிடுங்குகிற வைத்தியத்தை எந்த ஊரிலும் கேள்விப்பட்டதில்லை என்று அவன் தினம் ஒரு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனான். முத்துப்பேச்சி எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேலிக்குள் யார் கையை நீட்டினாலும் மண்வெட்டிக் கணையால் வேலியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவாள். கை தானாகப் பின்வாங்கும்.

ஆனால் அவளுக்கு மனசுக்குள் ஒரு முள் இருந்தது. மகள் அழகுத்தாய் அதே லயத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இரண்டு தடவை உண்டாகி இரண்டும் பிறந்த அன்றே போய்விட்டன. இப்போது மூன்றாவது, ஆறாம் மாதம். அடுத்த மாதம் வளையல் போடவேண்டும், அன்று துரைசானிக்குத் தட்டு வைக்கவேண்டும். மகள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவள் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று முத்துப்பேச்சிக்குத் தோன்றியது.

முதல் வாரம் குளம்புச் சூடு இறங்கியது. துரைசானி பாரத்தை முன்னங்காலுக்குக் கொண்டுவந்து நேராக நின்றது. நாடியும் அடங்கியது. முத்துப்பேச்சி வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்த வாரம் மறுபடி குளம்பு சுட்டது. சேணத்தின் வயிற்று வாரைக் கட்டிப் பார்த்தாள். முன்பு கடைசித் துளைக்குத்தான் எட்டும், இப்போதும் அங்கேயேதான் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது. தராசு பொய் சொல்லாது. கூடை இருக்கிறது, வேலி இருக்கிறது. பிறகு எப்படி?

எறும்புதான் காட்டிக் கொடுத்தது. தீவனத் தொட்டியின் மூலையிலிருந்து ஒரு சாரி எறும்பு கதவு வரைக்கும் ஊர்ந்துகொண்டிருந்தது. கழுவிப் பிழிந்த வைக்கோலுக்கு எறும்பு வராது. வைக்கோல் போடுவதற்காகக் கூடையைக் கழற்றிவிட்டு, இவள் வாளியோடு வாய்க்காலுக்குப் போய்வருகிற அந்தச் சின்ன இடைவெளியில்தான் யாரோ உள்ளே வருகிறார்கள். மறுநாள் வாளியை எடுத்துக்கொண்டு போகிறமாதிரி போய்ப் பாதியிலேயே திரும்பினாள்.

உள்ளே அழகுத்தாய் நின்றாள். முந்தானை முடிச்சு அவிழ்ந்திருந்தது. உள்ளங்கையில் கருப்பட்டித் துண்டு. துரைசானி கண்ணை மூடிக்கொண்டு அதை நக்கிக்கொண்டிருந்தது.

முத்துப்பேச்சி வாளியை நங்கென்று கீழே வைத்தாள். வேறு யாராக இருந்தாலும் மண்வெட்டிக் கணை வேலியோடு நின்றிருக்காது. மகளின் வயிற்றைப் பார்த்ததும் கோபத்துக்குள்ளிருந்து அழுகை வந்தது, அதை விழுங்கினாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று மட்டும் கேட்டாள்.

அழகுத்தாய் கையைப் பின்னால் மறைக்கவில்லை. "நீ குதிரை வயித்தயே பாத்துக்கிட்டிருக்க. எம் வயித்த யாரும்மா பாக்கா?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு முத்துப்பேச்சியிடம் இருந்த பதில் கொடியது. இத்தனை வருஷம் நாக்கு நுனிக்கு வராமல் அடக்கி வைத்திருந்தாள். அன்று சொல்லிவிட்டாள்.

"மொதப் பிள்ளைக்குத் தட்டு நெறைய ஊட்டுன. ரெண்டாம் பிள்ளைக்கு நானே ஆக்கிக் குடுத்தேன். தட்டையும் சேத்து நக்குச்சு. மிச்சம் வச்சுச்சா? சொல்லு தாயி, ஒரு பருக்க மிச்சம் வச்சுச்சா?"

மகளின் முகம் வெளுத்துவிட்டது. முத்துப்பேச்சி அவள் கையைப் பிடித்து மெதுவாகக் குனிய வைத்து, குதிரையின் கணுவுக்குப் பின்னால் அழுத்தினாள். "இது குதிரை. சாமியில்ல. துடிக்குதா பாரு. ஒனக்கு உள்ள துடிக்கணும், இதுக்கு இங்க துடிக்கக் கூடாது. நீ குடுக்கிற ஒவ்வொரு துண்டும் இங்கதான் வந்து அடிக்கி."

அழகுத்தாய் விரலை எடுக்காமல் அந்தத் துடிப்பை எண்ணினாள். பிறகு எழுந்து, தாயைப் பார்க்காமல் போய்விட்டாள்.

அன்றிலிருந்து எறும்புச் சாரி இல்லை. மகளும் இல்லை. விடியற்காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்குப் போகிற வழியில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கிப் போனாள். முத்துப்பேச்சிக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னது நிஜம்தான், ஆனால் அதைச் சொல்லியிருக்கவேண்டுமா? அவளுக்குள்ளும் பயம் இருந்தது. தப்பித்தவறி இந்தப் பிள்ளைக்கும் ஏதாவது ஆகிவிட்டால், ஊரே குதிரையின் வாயைக் கட்டியதுதான் காரணம் என்று சொல்லும். ஊர் சொன்னால் போகட்டும், மகளும் அதையே நினைத்துவிட்டால் மீதி ஆயுசை எப்படிக் கழிப்பது? இத்தனையும் நினைத்துக்கொண்டேதான் வைக்கோலை ஊறப்போட்டாள். நினைத்துக்கொண்டேதான் பிழிந்தாள். நினைப்பு பாட்டுக்கு இருக்கட்டும், கை பாட்டுக்கு வேலை செய்யட்டும் என்று விட்டுவிட்டாள்.

சூடு மறுபடி இறங்கியது. இந்தத் தடவை ஏறவில்லை. நாடி தேடினால்தான் கிடைத்தது. முதலில் லாயத்துக்கு முன்னால் மண் தரையில் நடத்தினாள், பிறகு ஃபேக்டரிப் பாதையில் பாதி தூரம், பிறகு முழு தூரம். வழியில் பச்சை தெரிகிற இடமெல்லாம் துரைசானி இழுத்தது. கூடையை உரசி உரசிப் புல்லின் வாசனையை மட்டும் குடித்தது. அதைப் பார்க்க முத்துப்பேச்சிக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்துப் பார்த்துத்தானே இந்த நிலைமைக்கு வந்தது என்று கயிற்றைச் சுண்டி நடந்தாள். வார் கடைசித் துளையை விட்டு ஒரு துளை உள்ளே வந்தது. அப்புறம் இன்னொன்று.

மாதம் முடிந்து டாக்டர் வந்தார். துரையும் வந்தார். அவருக்குப் பின்னால் வாட்ச்மேன் சிலுவைராஜ் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். அதைப் பார்த்துவிட்டு லயமே வாசலுக்கு வந்து நின்றது. அழகுத்தாயும் தூரத்தில் நின்றாள்.

டாக்டர் ஒவ்வொரு காலாகத் தூக்கி, குளம்பின் அடியை அழுத்திப் பார்த்தார். அடி புடைக்கவில்லை. தட்டினார். காலை இழுத்துக்கொள்ளவில்லை. பிறகு கல் பரப்பிய முற்றத்தில் நடத்தச் சொன்னார். மண்ணில் யாரும் நடப்பார்கள், கல்லில் நடந்தால்தான் நிஜம் தெரியும் என்றார். முத்துப்பேச்சி கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தாள். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்ததால் காதால் பார்த்தாள். டக், டக் என்று நான்கு காலும் ஒரே அளவாக விழுந்தன. திரும்பச் சொன்னார். வலி இருக்கிற குதிரை திரும்பும்போதுதான் காட்டிக்கொடுக்கும். ஒரு கணம் சத்தம் நின்றது. முத்துப்பேச்சி திரும்பிப் பார்த்தாள். துரைசானி சுவரோரம் முளைத்திருந்த ஒற்றைப் புல்லைத்தான் நின்று பார்த்தது. பார்த்துவிட்டு, உள்காலை ஊன்றி, நோகாமல் திரும்பி நடந்து வந்தது.

துரை சிலுவைராஜிடம் துப்பாக்கியைக் கீழே கொண்டுபோகச் சொன்னார். பிறகு வந்து குதிரையின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

டாக்டர் சொன்னார். "வியாதி போயிடுத்துன்னு நெனைக்கப்படாது. ஒளிஞ்சிண்டிருக்கும். ஆயுசுக்கும் பத்தியம்தான், கேட்டேளா?" இன்னும் இரண்டு மாதம் யாரும் ஏறவும் கூடாது என்றார். அதுவரை ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆளைக் கம்பளியில் தொட்டில் கட்டித்தான் தூக்கவேண்டும்.

குதிரை பிழைத்ததில் மேல் டிவிசனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷம் வந்தால் அந்தச் சனங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதானே. ஞாயிற்றுக்கிழமை அழகுத்தாய்க்கு வளையல். விடிந்ததிலிருந்து லயத்தில் அண்டா அண்டாவாக வெல்லம் கொதிக்கிற வாசனை. உச்சிப்பொழுதில் பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு தட்டோடு லாயத்துக்கு முன்னால் வந்து கூடிவிட்டார்கள். உயிர் தப்பிய சீவனுக்கு வாய் நிறைய ஊட்டாமல் எப்படி இருப்பது? வாசனையைப் பிடித்த துரைசானி உள்ளேயிருந்து கனைத்தது.

முத்துப்பேச்சி கதவை மறித்து நின்றாள். கருத்தப்பாண்டி நயமாகத்தான் ஆரம்பித்தான். "மதினி, நீங்க செஞ்சது பெரிய காரியம். யாரு இல்லன்னா? ஆனா இன்னிக்கு ஒரு நாளு. பிள்ளைத்தாய்ச்சி தட்டு மட்டும்."

"அந்த ஒரு நாளுதான் தம்பி கொல்லும்" என்றாள் முத்துப்பேச்சி.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பெற்ற மகளுக்குக்கூட இறங்காத நெஞ்சு என்று யாரோ சொன்னது தெளிவாகவே கேட்டது. அப்போது கூட்டம் விலகியது. இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் குலுங்க, துணி மூடிய பித்தளைத் தட்டோடு அழகுத்தாய் வந்தாள். தாய்க்கு எதிரே வந்து நின்றாள். இத்தனை நாள் கழித்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"யம்மா, கூடையக் கழத்து."

முத்துப்பேச்சி மகளின் முகத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். நகரவில்லை. "தட்டத் தொற" என்றாள்.

அழகுத்தாய் துணியை எடுத்தாள். தட்டில் வைக்கோல் இருந்தது. ஊறவைத்துக் கழுவிப் பிழிந்த வைக்கோல். தட்டின் விளிம்பில் இன்னும் தண்ணீர் நின்றது.

"கொழுந்துத் தராசுல நெறுத்துத்தான் எடுத்தேன். சாயங்காலக் கணக்குல கழிச்சுக்கோ."

முத்துப்பேச்சி அழுதாள். யார் பார்க்கிறார்கள் என்று கவலைப்படாமல், மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டே உள்ளே போய்க் கூடையைக் கழற்றிக் குதிரையை வெளியே கொண்டுவந்தாள். அழகுத்தாய் ஒரு பிடி வைக்கோலை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். துரைசானி சுற்றி நின்ற தட்டுகளை எல்லாம் ஒரு நோட்டம் விட்டது. எதுவும் கிட்டே வராது என்று தெரிந்ததும், வேண்டாவெறுப்பாக அந்த வைக்கோலைத் தின்றது. தட்டு காலியாகும்வரை தின்றது. பிறகு வெறும் கையை நக்கிப் பார்த்து, முந்தானை முடிச்சையும் மூக்கால் துழாவிப் பார்த்தது. முடிச்சில் ஒன்றும் இல்லை.

இது கணக்கில் சேருமா என்று ஒரு கிழவி சந்தேகம் கேட்டாள். மிச்சம் வைக்காமல் தின்றதா இல்லையா, அப்படியென்றால் கணக்குத்தான் என்று அழகுத்தாய் பட்டென்று சொன்னாள். அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெண்கள் குலவையிட்டார்கள். ஆக்கிய வெல்லச்சோறு வீணாகப் போகவில்லை. கருத்தப்பாண்டியே இரண்டு தட்டுத் தின்றான். சாயங்காலம் முத்துப்பேச்சி வைக்கோல் நிறுக்கும்போது, மகள் ஊட்டிய அளவைக் கழித்துவிட்டுத்தான் போட்டாள்.

தை கடைசியில், வலி காணுவதற்கு முன்பே, அழகுத்தாயைக் கம்பளித் தொட்டிலில் வைத்து ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றிக் கீழே இறக்கினார்கள். அன்றைய நடையைத் தவறவிடக்கூடாது என்பதற்காகத் துரைசானியும் வாயில் கூடையோடு வெறும் முதுகாகக் கூடவே நடந்தது. பெண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்று அழுதது, மறுநாளும் அழுதது, லயமே காதைப் பொத்திக்கொள்கிற அளவுக்குத் தினமும் அழுதது.

சித்திரையில் ஒரு நாள் காலை, முத்துப்பேச்சி வழக்கம்போலத் துரைசானியின் விலாவைத் தடவிப் பார்த்தாள். எலும்பு ஒவ்வொன்றாக விரலுக்கு அகப்பட்டது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போய்ப் பேத்தியைத் தூக்கினாள். பழக்கதோஷத்தில் கை தானாகக் குழந்தையின் விலாவைத் தடவித் தேடியது. எவ்வளவு தேடியும் எலும்பு அகப்படவில்லை. எல்லாம் சதை. முத்துப்பேச்சி மறுபடி ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பால் கொடு என்று குழந்தையை மகள் கையில் கொடுத்தாள்.